நீலக்கைத் துரியோதனன்

1866, டிசம்பர் 4

முசியே இசிதோர் வொக்லேன் ஒரு பொய்யர். வாயால் அல்ல, அவர் அதிகம் பேசுவதில்லை. தூரிகையால் பொய் சொல்கிறார்.

இதை நேரே சொன்னால் என் வேலை போகும். அதனால் இங்கே எழுதுகிறேன். அவருக்குத் தெரிந்த தமிழ் "சும்மா இரு", "போதும்" இரண்டுதான். இதை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் போனாலும் பயமில்லை.

ஆள் பிரான்சில் ரூவான் என்ற ஊர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக்காரப் பட்டணத்தில் பெரிய சன்னல்கள் வைத்த வீடு ஒன்றை அவருக்குக் கொடுத்திருப்பவர் முசியே தெல்மா. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய சாயப்பட்டறையின் முதலாளி. நான் பத்திரம் பதியும் நொத்தேரிடம் படியெடுக்கும் எழுத்தன், பெயர் அருளாந்து. தெல்மாவும் நொத்தேரும் சீட்டாட்டக் கூட்டாளிகள். "பிரெஞ்சு தெரிந்த ஆள் ஒன்று வேண்டும்" என்று தெல்மா கேட்க, நொத்தேர் குடையை இரவல் கொடுப்பதுபோல் என்னைக் கொடுத்துவிட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. குடையைக் கேட்பார்களா?

முசியே எழுதும் படம் "கோயில் தாசி". பாரீசில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு அனுப்ப வேண்டுமாம். பிப்ரவரிக் கப்பலில் பெட்டி ஏறியாக வேண்டும். இதுவரை அனுப்பியவற்றை எல்லாம் நடுவர்கள் திருப்பிவிட்டார்கள். இதையும் திருப்பினால் மனிதர் புளித்த காடி விற்கும் தன் மாமனாரின் கடையில் பீப்பாய்க்கு மூடி அடிக்கப் போக வேண்டியதுதான். அதைச் சொல்லும்போது மூக்கைச் சுருக்கிக்கொண்டார், காடி வாடை இப்போதே அடிப்பதுபோல.

தாசி உட்கார வேண்டிய இடம் மட்டும் படத்தில் காலியாக இருக்கிறது. மற்றதெல்லாம் தயார். பின்னால் குடை விரித்த மாதிரி ஒரு பனைமரம். இடப்பக்கம் மயில். கீழே புலித்தோல். புலித்தோல்மேல் ஹூக்கா.

எந்தக் கோயிலில் ஐயா புலித்தோலில் சாய்ந்து ஹூக்கா குடிக்கிறார்கள்?

டிசம்பர் 6

உண்மையான தாசி ஒருவரை அழைத்து வரச் சொன்னார். வில்லியனூர் போய்த் தையல்நாயகி அம்மாளைப் பார்த்தேன். சேதியைச் சொன்னேன்.

"அவரு முன்னால ஆடணுமா?"

"இல்லைங்க. அசையாம உக்காரணும்."

"அசையாமயா?" அந்த அம்மாள் வெற்றிலையை மென்று முடிக்கும் வரை என்னை நிற்க வைத்தார். "ஆடறதுக்கு நான் ஏழு வயசுல அடவு பழகினேன் தம்பி. உக்கார்றதுக்குப் பொம்மை போதும். திருக்கனூர்ல நல்ல மண்ணு, செஞ்சு தருவாங்க. போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். "பொம்மை" என்பதை விட்டுவிட்டு, "அவருக்கு நேரமில்லை" என்று மட்டும். மொழிபெயர்ப்பு என்பது பாதி வேலை மறைப்பதுதான்.

டிசம்பர் 8

முசியேயை புஸ்புஸ் வண்டியில் உட்கார வைத்துப் பின்னாலிருந்து ஆள் தள்ள, நான் பக்கத்தில் நடக்க, வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். சாயப்பட்டறை விட்டுப் பெண்கள் எதிரே வந்தார்கள். முழங்கை வரை எல்லாருக்கும் நீலம். திடீரென்று முசியே, "நிறுத்து!" என்று கத்தி, வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தார். தொப்பி வாய்க்காலில் விழுந்தது. அதைப் பார்க்கவே இல்லை. ஒரு பெண்ணின் எதிரே போய் நின்றுவிட்டார்.

"இவள்தான்" என்றார்.

"ஏன் முசியே, இவள்?"

"கண்கள்."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கண்களை அல்ல. வேறு எதையோ. மரியாதைக் குறைவாக எதையும் அல்ல, அப்படி இருந்தால் நானே சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அந்தப் பெண் என்னைக் கேட்டாள். "தொரை என்னா சொல்றாரு?"

"உன்னைப் படம் எழுதணுமாம்."

"எதுக்கு? நான் என்னா மாரியாத்தாளா?"

"சும்மா உக்காந்தா போதும். பட்டறைக் கூலியே கிடைக்கும்."

"சும்மாவா!" மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாடி? சும்மா உக்காரக் கூலியாம்!" பாலம் முழுக்கச் சிரிப்பு. பிறகு மொழிபெயர்க்கும் தொபாசியான என்னிடம் கவலையாக, "எனக்குப் பழக்கமில்லையே தொபாசி ஐயா. வூட்டுல நாலு நாளு பழகிட்டு வரட்டுமா?"

பெயர் பூங்காவனம். தெல்மாவின் பட்டறையில் நூல் முக்கிப் பிழிகிறவள். வயது என்னைவிட ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். இது தேவையில்லாத விவரம். இருக்கட்டும்.

தொப்பியை வாத்து ஒன்று பார்த்துக்கொண்டு போனது.

டிசம்பர் 10

பூங்காவனம் வந்தாள். முதலாளியே அனுமதி கொடுத்துவிட்டார். அவர் வீட்டில், அவர் செலவில் எழுதும் படத்துக்கு அவர் பட்டறைப் பெண். கேட்டால் "கலைக்கு நான் செய்யும் தொண்டு" என்பார். தொட்டியில் இடுப்பளவு நின்று இருமிச் செத்த ஆட்களுக்கு அவர் செய்த தொண்டு என்ன என்று ஒருநாள் கேட்க வேண்டும்.

முசியே முதலில் அவளைக் கை கழுவச் சொன்னார். கழுவினாள். நீலம் அப்படியே இருந்தது. புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல். மணல். எலுமிச்சை. சமையல்காரர் புளித்த தயிரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

"தொபாசி ஐயா, தொரை கிட்ட சொல்லுங்க. இது கையில ஒட்டுன சாயமில்ல. இதான் கை."

சொன்னேன். முசியே திரும்பிச் சன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்தே, "பரவாயில்லை. கையை மருதாணிச் சிவப்பில் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

நான் சொன்னேனே, பொய்யர்.

டிசம்பர் 11

மழை. அவள் வரவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 13

நகை வேண்டுமாம். தாசி என்றால் தலை முதல் கால்வரை தங்கம் என்று பாரீசில் நினைப்பார்களாம். ஊரில் நகை உள்ளவர்கள் எவரும் சாயப்பட்டறைப் பெண் கழுத்துக்கு இரவல் தர மாட்டார்கள். தெல்மாவின் மனைவியும் தர மாட்டார். அலைந்து திரிந்து முசியே கடைசியில் கண்டுபிடித்தது கூத்துக்காரர் எத்திராசு வாத்தியார் வீட்டு மரப்பெட்டி. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், எல்லாம் முருக்க மரத்தில் செதுக்கி, ஜிகினா ஒட்டி, கண்ணாடித் துண்டு பதித்தவை. முசியே அவற்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழந்தை மாதிரி.

"முசியே, இது தாசியின் நகை அல்ல. துரியோதனன் வேடம். மீசை வைத்த ஆண் கட்டுவது."

"பாரீசில் யாருக்குத் தெரியும்?"

இந்த மனிதர் ஆயுள் முழுக்கச் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

எத்திராசு வாத்தியார் வேறு காரணத்துக்காகத் தயங்கினார். "பொம்பள தலையில துரியோதனன் கிரீடமா? எங்க திரௌபதியம்மனுக்குத் தெரிஞ்சா என்னா ஆவுறது?"

கூட வந்திருந்த பூங்காவனம் விடவில்லை. "தெரிஞ்சா சிரிக்கும். காலங்காலமா ஆம்பளைங்க அவ சேலையக் கட்டிக்கிட்டு ஆடறீங்க. அவ ஒண்ணும் சொல்லல. ஒரு பொம்பள அவன் கிரீடத்த வச்சா மட்டும் கோவமா?"

வாத்தியார் கிரீடத்தை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். கிரீடம் பெட்டியிலிருந்து வெளியே இருக்கும் வரை அவரும் கூடவே இருப்பார். இரண்டாவது, அதைத் தலையில் வைத்தவர் வாய் திறக்காமல் இருக்கக் கூடாது. வேடம் கட்டினால் வரவு, அதாவது சபைக்குள் நுழையும் பாட்டு, சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கழற்றினால் கட்டினவர் குடும்பத்துக்கு ஆகாது.

டிசம்பர் 14

இன்று காலை வெள்ளைக்காரப் பட்டணத்தில் நடந்தது இது. சூடம் ஏற்றி, கிரீடத்தைக் கட்டி, வாத்தியார் கையைத் தட்டித் தாளம் போட, பூங்காவனம் எழுந்து நின்றாள்.

"அத்தினாபுரி ஆளும் அரசன் வந்தேன்! அண்டமெல்லாம் கிடுகிடுங்க அடி வச்சு வந்தேன்!"

எதிர்வீட்டு சன்னல்கள் திறந்தன. தெருவில் போன காவல்காரன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். முசியே மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது எந்தக் கடவுளின் தோத்திரம்?" என்றார்.

சொல்லலாமா என்று யோசித்தேன். "மிகப் பழையது முசியே" என்றேன்.

டிசம்பர் 19

தினமும் இதே கதை. காலையில் வரவு. பிறகு அவள் புலித்தோலில் சாய்ந்து ஹூக்காக் குழாயைப் பிடித்துக்கொண்டு பதுமை மாதிரி இருக்க வேண்டும். மூக்கு அரித்தாலும் "சும்மா இரு". கொசு கடித்தாலும் "சும்மா இரு". வாத்தியார் மூலையில் குந்திக் குறட்டை விடுவார். நான் வண்ணம் அரைப்பேன், அது என் வேலையே அல்ல, ஆனாலும்.

ஈரத்தில் எண்ணெய் வண்ணம் காயவில்லை. நேற்று ஈசல் வந்து மயிலின்மேல் ஒட்டிக்கொண்டது. முசியே எடுக்கவில்லை. தோகையின் கண்ணாக அதையே வைத்துக்கொண்டுவிட்டார். கை தேர்ந்தவர், மறுக்கவில்லை. அவள் முகம் துணியில் வந்து சேர்வதைப் பார்த்தேன். கன்னத்தில் வெளிச்சம் விழுந்த இடத்தில் அவர் ஒரே ஒரு தடவை தூரிகையை வைத்து எடுத்தார். அவ்வளவுதான், கன்னம். இவ்வளவு தெரிந்த ஆள் எதற்காகப் பொய் எழுத வேண்டும்? திறமை இல்லாதவன் பொய் சொன்னால் மன்னிக்கலாம்.

மாலையில் பூங்காவனத்தின் தெரு வழியாக வந்தேன். அது நான் வீட்டுக்குப் போகும் வழிதான், கொஞ்சம் சுற்று.

டிசம்பர் 25

பாலன் பிறந்தது மாட்டுக் கொட்டகையில். அவர் கோயிலில் தாழ்ந்த சாதி என்று எங்களுக்கு இடம் கடைசியில், கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம். குடிலில் மாடு உள்ளே இருக்கிறது, நான் வெளியே. இதைப் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "பண்டிகை நாளில் சண்டை வேண்டாம் மகனே" என்றார். சாதாரண நாளில் கேட்டால் "பண்டிகைக்குப் பார்ப்போம்" என்பார்.

கோயில் வாசலில் நின்று குடிலை எட்டிப் பார்க்கப் பட்டறைப் பெண்கள் வந்திருந்தார்கள்.

"உங்க சாமி மாட்டுக் கொட்டாய்லயா பொறந்தாரு?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"ஆமாம்."

"அப்போ நம்ம ஆளுதான்."

ஒரு வருடப் பிரசங்கத்தில் நான் கேட்காதது.

1867, ஜனவரி 3

இன்றுதான் அவள் படத்தைப் பார்த்தாள். இதுவரை முசியே துணியைப் போர்த்தி வைத்திருந்தார். இன்று அவர் காப்பி குடிக்கப் போன நேரத்தில் நான் துணியை விலக்கினேன். தற்செயலாக என்று எழுதலாம், ஆனால் வேண்டுமென்றேதான்.

கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "மூஞ்சி என்னுது. கையி யாருது?"

படத்தில் இருந்த கைகள் மெலிந்து, வளைந்து, மருதாணிச் சிவப்பாக இருந்தன. யாருடைய கைகளாகவும் இருக்கலாம். வேலையே செய்யாதவர்களின் கைகள்.

முசியே உள்ளே வந்துவிட்டார். நான் துணியை எட்டிப் பிடித்தேன். அவள் பயப்படவில்லை. நேரே போய் அவர் வலது கையைப் பிடித்துத் தூக்கி, தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் விரல் முழுக்க, நகக்கண் முழுக்க, நீல வண்ணம். வானத்துக்குக் கலந்தது.

"பாருங்க தொரை. உங்க கையும் போவாது, என் கையும் போவாது. நீங்க மட்டும் எதுக்கு வெக்கப்படறீங்க?"

அவள் சிரித்தாள். எத்திராசு வாத்தியார் விழித்துக்கொண்டு என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். முசியே கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்றார். ஒரு சொல்லையும் மறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

அவர் உட்கார்ந்தார். பிறகு வேடிக்கைக் கதை சொல்வதுபோல் சொன்னார். ரூவானும் சாய ஊர்தானாம். அங்கே ஒரு ஓடை ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் நீலமாக. அவர் அப்பா சாயத்தொட்டிக்காரர். பூசைக்குப் போகும்போது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போவார். என் வயதில் முசியே அப்பாவைப் படம் எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு நீலக் கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருக்கும் படம். பாரீசுக்கு அனுப்பினார். நடுவர்கள் திருப்பினார்கள். அதில் ஒருவர், "அடுத்த முறை உங்கள் கிழவரைச் சோப்போடு அனுப்புங்கள்" என்றாராம்.

"அந்தப் படம் எங்கே முசியே?"

"அதன்மேலேயே ஒரு வீனஸை எழுதினேன். நல்ல துணி, வீணாக்கலாமா? அதை உடனே வாங்கிக்கொண்டார்கள். ஒரு நீதிபதியின் சாப்பாட்டு அறையில் தொங்குகிறது." தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "இங்கே, வீனஸின் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, அப்பாவின் கைகள்."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பூங்காவனம் என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு அப்பனுக்கு மூச்சு முட்டாதா?"

இதையும் மொழிபெயர்த்தேன். கேட்டுவிட்டு முசியே, "போதும்" என்றார் தமிழில். எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

ஜனவரி 4

வாத்தியாரும் பூங்காவனமும் வருவதற்கு முன் போனேன். முசியே கத்தியால் துணியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சிவப்புக் கைகள் தரையில் தூளாகக் கிடந்தன. ஹூக்காவும் போயிற்று. புலியும் போயிற்று.

"அந்தத் தோத்திரத்தை மறுபடி சொல்லச் சொல்" என்றார். "உட்கார வேண்டாம். சொல்லும்போது எப்படி நிற்கிறாளோ அப்படி."

"அது தோத்திரம் இல்லை முசியே. கெட்ட ராசா ஒருவன் சபையில் நுழையும்போது கத்துவது."

"மூன்று வாரமாக என்னிடம் சொல்லவில்லையே நீ."

"நீங்கள் கேட்டது எந்தக் கடவுள் என்று."

அவர் என்மேல் வண்ணத் துணியை விட்டெறிந்தார். அது நட்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 9

வேலை! பூங்காவனம் முட்டியை உயர்த்தி, வாயைத் திறந்து, கிரீடம் ஒரு பக்கம் சரிய நிற்கிறாள். இப்போது முசியே "சும்மா இரு" சொல்வதில்லை. "இன்னொரு தடவை!" என்கிறார். அவள் தொண்டை கட்டிவிட்டது. வாத்தியார் மிளகுக் கஷாயம் கொண்டுவருகிறார். "பொண்ணே, உனக்கு மீசை மட்டும் இருந்தா அடுத்த வருஷம் பதினெட்டாம் போர் கூத்துல ராசா வேஷம் உனக்குத்தான்" என்கிறார். "மீசையா? அடுப்புக் கரி இருக்குது" என்கிறாள் அவள்.

கைக்கு முசியே நேற்று கலந்த நீலம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது வானத்து நீலம். எங்க நீலம் இல்ல." இன்று முந்தானையில் முடிந்து ஒரு துண்டு அவுரிச் சாயம் கொண்டுவந்தாள். தெல்மாவின் பட்டறைத் தொட்டி ஓரத்தில் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. திருட்டு அல்ல. திருட்டு என்று யாராவது சொன்னால் அந்தத் தொட்டி அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம்.

ஆளிவிதை எண்ணெயில் அதை நான்தான் அரைத்தேன். என் கையும் நீலமாகிவிட்டது. அவள் பார்த்துவிட்டு, "சேந்துட்டீங்களா?" என்றாள்.

நாள் முழுக்க வேறு எதுவும் காதில் விழவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஜனவரி 15

படம் முடியப் போகிறது. இதுவரை நான் பார்த்த எல்லாப் படத்திலும் ஏழைகள் கும்பிட்டுக்கொண்டோ செத்துக்கொண்டோ இருப்பார்கள். இவள் கத்துகிறாள். மர நகை மரமாகத் தெரிகிறது, ஜிகினா உரிந்த இடம் உட்பட. ராசா வேடத்தில் ஒரு சாயக்காரி. இரண்டு கைகளும் முழங்கை வரை அவுரி. முன்னே வந்து நம் முகத்தில் குத்துவது மாதிரி.

இது பாரீசுக்குப் போக வேண்டும். இது இப்படியே போக வேண்டும். எனக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

ஜனவரி 18

தெல்மா வந்தார். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியோடு படத்தின் எதிரே நின்றார். முதலில் கிரீடத்தைப் பாராட்டினார். பிறகு தடியின் நுனி மெதுவாகக் கீழே இறங்கிக் கைகளில் நின்றது.

"இது என்ன அழுக்கு?"

"அழுக்கு அல்ல முசியே, அவுரி" என்றார் ஓவியர்.

"அவுரி என்று எனக்குத் தெரியாதா? வொக்லேன், நான் துணி விற்கிறேன். என் நீலத் துணி வெயிலில் வெளுக்காது, தண்ணீரில் போகாது என்று சொல்லி விற்கிறேன். இந்தக் கைகளைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? சாயம் துணியில் நிற்கவில்லை, கையில் வந்துவிடுகிறது என்று நினைப்பான்."

நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், வறுமை, நீதி, மானம் என்று. மனிதர் துணி வியாபாரத்தைப் பேசினார்.

"கப்பல் ஏறுவதற்குள் கை சிவப்பாக வேண்டும். இல்லாவிட்டால் என் சரக்கோடு இந்தப் பெட்டி ஏறாது. உங்களுக்கும் டிக்கெட் கிடையாது" என்றார். போகும்போது பூங்காவனத்தைத் தடியால் சுட்டி, "இனி இவள் என் பட்டறைக்கு வர வேண்டாம் என்று சொல்" என்றார் என்னிடம்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"என் கையைக் கழுவறதுக்கு ஊரே மாஞ்சு போவுதே!" என்றாள். பிறகு, "வேலை போனாப் போவட்டும். முதலியார்பேட்டையில தொட்டி இல்லையா? எல்லாத் தொட்டியிலயும் நீலம் நீலம்தான். படம் என்னா ஆவும்? அதச் சொல்லுங்க."

நான் முசியேயைப் பார்த்தேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகையை.

ஜனவரி 20

முசியேயிடம் கேட்டேன். "என்ன செய்யப் போகிறீர்கள்?"

"காடிக் கடையைப் பார்த்திருக்கிறாயா நீ?"

"இல்லை."

"உள்ளே போனால் கண் எரியும். முதல் வருடம் மட்டும் என்கிறார் மாமனார். பிறகு பழகிவிடுமாம்."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது. இரண்டாவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜனவரி 22

பூங்காவனத்துக்கு முதலியார்பேட்டையில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே போகிற வழியில் இப்போது எனக்கும் சில வேலைகள் இருக்கின்றன. எத்திராசு வாத்தியார் எதிரே வந்தார். "தம்பி, நொத்தேர் வூடு அந்தப் பக்கம்ல?" என்றார். நடையை வேகமாக்கினேன்.

ஜனவரி 26

காலையில் முசியே சொன்னார்: "சிவப்பும் அரை. நீலமும் அரை."

"இரண்டுமா?"

"இரண்டும்."

அரைத்துக் கொடுத்தேன். உச்சி வெயிலில் ஊர் முழுக்கச் சன்னலைச் சாத்திப் படுத்திருந்த நேரத்தில் அவர் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே நடக்கும் சத்தம், நிற்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். ஒருமுறை கத்தி சுரண்டுவது போல் கேட்டது. வண்ணம் குழைக்கும் பலகையைச் சுரண்டியதாகவும் இருக்கலாம்.

கதவைத் திறந்தபோது படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அரைத்துக் கொடுத்த இரண்டு கிண்ணங்களிலும் வண்ணம் குறைந்திருந்தது.

ஜனவரி 29

பெட்டி அடித்தாயிற்று. ஈர வண்ணத்தில் தூசி படும் என்று சொல்லி முசியேயே தன் கையால் ஆணி அடித்தார், தச்சரை நெருங்க விடவில்லை. தெல்மா வந்தபோது மூடி இறுகியிருந்தது.

"கைகள்?" என்றார் தெல்மா.

"நீங்கள் சொன்னபடியே" என்றார் முசியே.

தெல்மா தலையசைத்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. நான் சொன்னால் திறந்திருப்பார். பூங்காவனம் சொன்னால் உடைத்தே பார்த்திருப்பார். வெள்ளைக்காரர் சொல்லுக்கு வெள்ளைக்காரர் மூடி திறப்பதில்லை.

இரண்டு மாதமாக இந்த மனிதரைப் பொய்யர் என்று எழுதி வருகிறேன். இன்று, அவர் தெல்மாவிடம் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கோயிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றினேன். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான்.

பிப்ரவரி 2

இன்று கப்பல். கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்தின் கடைசி வரை கூட்டம். கடல் நல்ல குணத்தில் இருந்தது. கப்பல் தூரத்தில் நிற்க, மூட்டை முடிச்சுகள் படகில் இறங்கின. பெட்டியும் இறங்கியது. அதன்மேல் கறுப்பு மையில் "கோயில் தாசி, புதுச்சேரி" என்று எழுதியிருந்தது. தெல்மாவின் ஆட்கள் எழுதியது. உள்ளே இருப்பது அதுதானா என்று எழுதியவனுக்குத் தெரியாது.

எத்திராசு வாத்தியார் முசியேவுக்கு ஒரு பெரிய சுரைக்காய் கொண்டுவந்தார். முசியே அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் குழந்தை போல் தூக்கிக்கொண்டார். புதுத் தொப்பி. புதுக் கோட்டு. அந்த வெயிலிலும் கையில் வெள்ளை உறை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு.

என்னிடம், "உன் நாட்குறிப்பில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய்?" என்றார்.

"எல்லாம் முசியே."

"நல்லது" என்று ஏணியில் இறங்கினார்.

அவர் படகில் உட்கார்ந்து, படகுக்காரர்கள் துடுப்பைப் போட்ட பிறகுதான் பூங்காவனம் வந்து சேர்ந்தாள். வேலை விட்டு ஓடி வந்திருக்கிறாள், முழங்கையிலிருந்து நீலம் சொட்டியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாலத்தின் ஓரத்துக்கே போனாள். சீமாட்டிகள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு விலகினார்கள்.

"தொரை!"

முசியே நிமிர்ந்தார்.

"என் கையி என்னா நெறத்துல போவுது? சொல்லிட்டுப் போங்க!"

படகுக்காரர்கள்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். முசியே சுரைக்காயை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். தொப்பியை எடுத்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. அலை ஒன்று வந்து படகை ஒருமுறை தூக்கிவிட்டது, மறுபடி துடுப்பு விழுந்தது.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். எல்லார் எதிரிலும். என் சட்டைக் கையில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்தன. "உங்க பாஷையில கேளுங்க! சத்தமா கேளுங்க!"

கேட்டேன். என் தொண்டையில் இவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தெல்மா திரும்பிப் பார்த்தார், நொத்தேர் திரும்பிப் பார்த்தார், நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. படகு சின்னதாகிக்கொண்டே போக, நானும் அவளும் மாறி மாறி, பிரெஞ்சிலும் தமிழிலும், கத்திக்கொண்டே இருந்தோம்:

"கை என்ன நிறம் முசியே? சொல்லிவிட்டுப் போங்கள்!"